கயலுக்கு நீ சொல்லி வைத்த சீட்

அருணுக்கு,

நேற்று போனை வைத்தது நான்தான். லைன் ஒன்றும் கட்டாகவில்லை. அப்பா திரும்பக் கூப்பிடச் சொன்னார், மாட்டேன் என்றுவிட்டேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ வாத்தியார் ஆகிவிடுகிறாய், நான் நர்ஸ் ஆகிவிடுகிறேன். இரண்டு பேருமே எதிரில் இருப்பவர் பேச்சைப் பாதியில் வெட்டிப் பழகியவர்கள். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். இன்று எனக்கு லீவு. சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, அப்பாவை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் பறக்காமல் இருக்க உன் பழைய டிக்‌ஷனரியை மேலே வைத்திருக்கிறேன். அந்தக் கனத்துக்கு அது இப்போதாவது உபயோகப்படட்டும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், எனக்கே தெளியட்டும். உன் தங்கைக்கு மெடிக்கல் கிடைக்கவில்லை. பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டி வருகிற கட்-ஆஃபில், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுவிட்டாள். அடுத்த வருஷம் இம்ப்ரூவ்மென்ட் எழுதுகிறேன் என்கிறாள். அதே பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதி மார்க்கை ஏற்றிக்கொண்டு, நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதுவது. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது, எங்காவது பி.எஸ்ஸி. சேர்ந்துதான் ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. நீ படித்து, இப்போது பாடமும் நடத்துகிற சென்னைக் கல்லூரியில் அவளுக்கு விலங்கியலில் ஒரு சீட் சொல்லி வைத்திருக்கிறாய், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். நம் ஊர் அரசுக் கல்லூரியே போதும் என்றேன் நான். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நான் இங்க படிச்சதாலதான் டாக்டர் ஆகலன்னு நீ இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கம்மா." சொல்லிவிட்டு நீ சிரிக்கவும் செய்தாய். நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் போனை வைத்திருக்க மாட்டேன்.

சரி, உன் பிளஸ் டூ வருஷத்துக்கு வருவோம். வட ஆற்காட்டிலிருந்து நம் மாவட்டத்தைத் தனியாகப் பிரித்து, வேலூரில் இருந்த அப்பாவை இந்த ஊருக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கும் அலைந்து திரிந்து கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வாங்கினோம். வேங்கிக்காலில் வாடகை வீடு. அப்போது அங்கே வீடுகள் கம்மி, மல்லாட்டை போட்ட நிலம்தான் ஜாஸ்தி. நீ அந்த வரப்பில் நடந்துகொண்டே உயிரியலைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வாய். நிலத்துக்காரர் ஒருநாள் வந்து, உங்க பையன் யாரையோ திட்டிக்கொண்டே போகிறானே என்று கேட்டார். அத்தனையும் பூச்சிகளின் பெயர் என்று சொல்லிப் புரிய வைத்தேன்.

உன்னை டாக்டர் ஆக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற அம்மாக்களைப் போல கௌரவத்துக்காக என்று நினைத்திருப்பாய். கௌரவமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வேலையை யோசித்துப் பார். ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறேன், கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன். கேஸ் சிக்கலாகிவிட்டால் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று மறுநாள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அனுப்புகிற இடத்தில் நான் நிற்கிறேன், போய்ச் சேருகிற இடத்தில் என் பிள்ளை நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை பெரிய ஆசை. அதை ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் வைக்கிறோமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷக் கார்த்திகை தீபத்துக்கு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, மலை சுற்ற வருகிறவர்களுக்காகப் போட்ட மருத்துவ முகாமில் எனக்கு டூட்டி. மாவட்டம் முழுக்க இருந்து டாக்டர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். கால் கொப்புளம், மயக்கம், கூட்டத்தில் நசுங்கிய விரல் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தாலும், நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் நான் ஒவ்வொரு டாக்டராகப் பிடித்து விசாரித்தேன். மெடிக்கல் எங்கே படித்தீர்கள் என்று கேட்கவில்லை, அதற்கு முன்னால் எந்தக் கல்லூரி என்று கேட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் சென்னையில் பெரிய பெயருள்ள கல்லூரிகளைச் சொன்னார்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறாய் என்பதுதான், பெயரைச் சொன்னதும் பாதி வேலை முடிந்துவிடும் என்றார் ஒரு லேடி டாக்டர். அந்த அம்மா சொன்னதை நான் அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் கேட்ட அத்தனை பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பி.யூ.சி. காலத்து ஆட்கள். அவர்கள் காலத்தில் கல்லூரிக்குப் போய் ஒரு வருஷம் பி.யூ.சி. படித்துவிட்டுத்தான் மெடிக்கலுக்குப் போக வேண்டும், இன்டர்வியூவும் உண்டு. உன் காலத்தில் இரண்டும் இல்லை. அந்தக் கூடாரத்தில் அப்போதுதான் படித்து முடித்து வந்த ஒரு சின்ன டாக்டரும் இருந்தார். பெரியவர்களுக்கெல்லாம் டீ வாங்கிவந்து கொடுத்தவர் அவர்தான். நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்த ஒரே ஆளும் அவர்தான். இவருக்கு என்ன தெரியப் போகிறது என்று அவரை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். இன்றைக்கும் தீபத்து டூட்டிக்குப் போனால் சின்ன டாக்டராகப் பார்த்துத்தான் முதலில் பேச்சுக் கொடுக்கிறேன். அவர்கள் இந்த அம்மா ஏன் இப்படித் துளைக்கிறது என்று பார்க்கிறார்கள்.

ரிசல்ட் வந்து, உனக்கும் கொஞ்சத்தில் போனது. ஒரு வருஷம் பெரிய கல்லூரியில் இருந்துவிட்டு மறுபடி முயற்சி செய்தால் நிச்சயம் கிடைக்கும் என்று நான்தான் அடித்துப் பேசினேன். அப்பா, "அங்க சேந்தா மார்க் எப்படிடீ ஏறும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அது நல்ல கேள்வி. நான் அந்த லேடி டாக்டர் சொன்னதைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன். பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளையை, மூட்டை கட்டி, பஸ் ஏற்றிவிட்டேன். அப்பாதான் கூட வந்து சேர்த்துவிட்டார். எனக்கு அன்றைக்குப் போலியோ சொட்டு மருந்து வேலை இருந்தது என்று சொன்னேன். வேலை இருந்தது நிஜம். கேட்டிருந்தால் லீவு கிடைத்திருக்கும் என்பதும் நிஜம். நீ அழுவாய், அல்லது நான் அழுவேன் என்று பயந்துகொண்டுதான் வரவில்லை.

அந்த வருஷம் அந்தக் கல்லூரி உன்னிடமிருந்து என்னவெல்லாம் எடுத்துக்கொண்டது என்று நீ எழுதிய கடிதங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. காலையிலிருந்து மாலை வரை வகுப்பு. வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. மாலையில் லேப், அதை முடித்து வந்தால் ரெக்கார்டு வரைய வேண்டும். எல்லாம் இங்கிலீஷில். முதல் சில மாதம் வாத்தியார் சொன்ன ஜோக்குக்கு எல்லோரும் சிரித்த பிறகு நீயும் சிரித்தாய் என்று எழுதியிருந்தாய், நான் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதற்கு நடுவில் பிளஸ் டூ புத்தகத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். மார்ச்சில் இங்கே வந்து இம்ப்ரூவ்மென்ட் எழுதிவிட்டு, ஓடிப்போய் அங்கே செமஸ்டர் எழுதினாய். அந்தக் களைப்போடு நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ மார்க் கொஞ்சம் ஏறியது, நுழைவுத் தேர்வு மார்க் இறங்கிவிட்டது. ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரியாகப் போய், நீ கிளம்பிய இடத்திலேயே நின்றாய். கல்லூரியின் பெயரை எங்கேயும் யாரும் கேட்கவே இல்லை.

உன் கூடப் படித்த சுகுமாரை நினைத்துப் பார். தேரடித் தெருவில் பாத்திரக் கடைக்காரர் பிள்ளை. உன்னைவிட மார்க் கம்மிதான். அவன் நம் ஊர்க் கல்லூரியிலேயே சேர்ந்தான். மத்தியானத்தோடு வகுப்பு முடியும், வீட்டுச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், பிறகு அவனைப் போலவே இம்ப்ரூவ்மென்ட் எழுதுகிற பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கு போடுவதும் கேள்வி கேட்டுக்கொள்வதுமாக இருந்தார்கள். அவனுக்குக் கிடைத்துவிட்டது. ஒரு பெட்டி பாதுஷாவோடு வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, அருண் என்னைவிட நல்லா படிப்பான், அவனுக்குக் கெடைக்காதது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான். நல்ல பிள்ளை. வாங்கி வைத்துக்கொண்டேன், வாயில் வைக்க மனசு வரவில்லை. அந்த வாரம் நீ வந்தாய். நான் மறைத்து வைத்திருந்த பெட்டியைக் கண்டுபிடித்து, கதவருகில் நின்றபடியே அவ்வளவையும் தின்றாய். "சுகுமார் கொடுத்ததா? சூப்பர்மா" என்றாய். துக்கத்தை மறைக்கத்தான் என் பிள்ளை இப்படி நடிக்கிறான் என்று நினைத்து நான் உன்னிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டேன். இரண்டு நாளைக்கு உனக்குத் துணி துவைக்கிற வேலைகூட வைக்கவில்லை.

இன்னொரு தடவை எழுதேன் என்று நான் கெஞ்சியபோது நீ, "வேணாம்மா, எனக்கு அங்க பிடிச்சுப்போச்சு" என்றாய். அதையும் நான் நம்பவில்லை. அம்மாவின் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறான், எவ்வளவு பக்குவம் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். இரண்டாம் வருஷம் உங்களை ராமேஸ்வரம் பக்கம் டூர் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது கைக்குட்டையில் பொதிந்து ஒரு ஓடு கொண்டுவந்தாய். ஏதோ கடல் பிராணியின் ஓடு, உருண்டையாக, மேலே தையல் போட்டது போலப் புள்ளி புள்ளியாக வரிசை. அது என்ன, எப்படி நகரும், அதற்குப் பல் எங்கே இருக்கும் என்று நீ சமையல்கட்டு வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தாய். குக்கர் விசில் அடித்தது, நான் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ ஓட்டை ஷோகேஸில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாய். அது அங்கேயே தங்கிவிட்டது. வீடு மாறியபோதும் உடையாமல் வந்துவிட்டது. அதில் பெரிய துளையாக இருக்கிற பக்கத்தை மேலே வைத்து, கயல் அவளுடைய ஹேர்பின்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. போகிற இடத்திலெல்லாம் "மெடிக்கல் கிடைச்சிருக்க வேண்டியது, கொஞ்சத்துல போயிடுச்சு" என்று சொல்லித்தான் உன்னை அறிமுகப்படுத்தினேன். நீ முதல் வகுப்பில் பாஸ் செய்தபோதும் அப்படித்தான், எம்.எஸ்ஸி. முடித்தபோதும் அப்படித்தான். நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருப்பாய். நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி முடித்து டாக்டர் பட்டம் வாங்கியதும் அப்பா வீட்டு வாசலில் பெயர்ப்பலகையே மாட்டிவிட்டார். கீழ்பென்னாத்தூர் மாமா மறு வாரமே இடுப்பு எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மாமா, நண்டா இருந்தா சொல்லிடுவேன்" என்றாய். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். மாமா கொண்டுவந்த எக்ஸ்ரேயை நீ நிஜமாகவே படித்திருக்கலாமே என்று எனக்கு வயிறு எரிந்தது. உன் கல்லூரி மேல் எனக்கு இருந்த கோபம் அவ்வளவு. என் பிள்ளையின் ஒரு வருஷத்தைத் தின்றது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ அங்கேயே வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளாகியும், சென்னைக்கு எத்தனை தடவை வந்தும், அந்த கேட்டுக்குள் நான் காலை வைத்ததில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கால் வலி வந்துவிடும்.

ஆகையால் கயல் விஷயத்தில் நான் நம் ஊர்க் கல்லூரி என்று நின்றது உன்னைக் குத்துவதற்காக இல்லை. பட்டதை வைத்துச் சொன்னேன். மெடிக்கலுக்குக் கல்லூரியின் பெயர் தேவையில்லை, அது மிச்சம் வைக்கிற நேரம்தான் தேவை. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாள், என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தூங்குகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் யார், இவ்வளவுதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சுகுமாரோடு உட்கார்ந்து படித்த எல்லோரும் டாக்டர் ஆகிவிடவில்லை. சிலர் மறுபடி மறுபடி எழுதி, சேர்ந்த படிப்பிலும் மனசு வைக்காமல், கடைசியில் இரண்டும் இல்லாமல் நின்றார்கள். ஒரு வருஷத்துக்குத்தானே என்று ஏனோதானோவென்று சேருகிற கல்லூரியில் மூன்று வருஷம் இருக்க வேண்டி வந்தால் என்ன செய்வது? நீ போனில் கேட்டது அதுதான். "கெடைக்கலன்னா அவளுக்கு ஒரு நல்ல இடம் கையில இருக்கணும் இல்லையாம்மா?" என்றாய். அண்ணன்காரன் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் நான் குரலை உயர்த்தினேன்.

அந்தப் பதில் இன்று காலை கயலிடமிருந்து வந்தது. தலை பின்னிவிடச் சொல்லி என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கடல் ஓட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹேர்பின்னாக எடுத்துக் கொடுத்தாள். நேற்று நாம் சண்டை போட்டதை முழுக்கக் கேட்டிருக்கிறாள். நம் வீட்டில் போனில் பேசுவதைக் கேட்க யாரும் ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை, உன் அம்மாவின் குரல் அப்படி. திடீரென்று, "நான் இங்கயே சேர்றேம்மா" என்றாள். நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், பார்த்தாயா, அந்தக் கல்லூரியில் சேர்ந்தால் உன் அண்ணன் கதிதான் என்று ஆரம்பித்தேன். அவள் தலையை என் கையிலிருந்து உருவிக்கொண்டு திரும்பினாள்.

"அந்தக் காலேஜ் மோசம்னு நான் வேணாங்கலம்மா. நல்லா இருக்குன்னுதான் வேணாங்கறேன். போன லீவுல அண்ணன்கூட அந்த லேப்ல ஒரு வாரம் இருந்தேன் இல்ல? எனக்கு வீட்டுக்கு வரவே மனசு வரல. அங்க சேந்தா எனக்கும் அண்ணன் மாதிரி பிடிச்சுப்போயிடும். அப்புறம் மெடிக்கல் வேணும்னு தோணாது. எனக்கு டாக்டர் ஆகணும்மா. இந்த ஒரு வருஷம் எனக்கு வேற எதுவும் பிடிக்கக் கூடாது."

அண்ணனுக்கு அங்கே பிடித்துப்போயிற்று என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாராவது சொல்லணுமா? அண்ணன் பேசறத நீ ஒருநாளாவது முழுசா கேட்டிருக்கியா?" என்றாள்.

மிச்சப் பின்னலை அவளே போட்டுக்கொண்டாள். அருண், நீ அந்த பாதுஷாவை நிஜமாகவே ருசித்துத்தான் தின்றாய், இல்லையா? அந்த வருஷம் நுழைவுத் தேர்வில் உன் மார்க் இறங்கியது களைப்பினால் மட்டும் இல்லை. உன் மனசு அதற்கு முன்பே அந்த லேபுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு வேண்டாம் என்று நீ வாயைத் திறந்து சொன்னாய், பிடித்திருக்கிறது என்றும் சொன்னாய், ஓட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தும் சொன்னாய். நான் ஆறுதல் சொல்வதிலேயே மும்முரமாக இருந்தேன். தோற்றுப்போன பிள்ளை என்று நினைத்து இத்தனை வருஷம் உன் மேல் இரக்கப்பட்டிருக்கிறேன். நல்ல ஆரோக்கியமாக இருக்கிற ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றியது போல. நீயும் பேசாமல் கையை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது, நீ டாக்டர் ஆகாததற்கு இல்லை. அந்தப் பழைய அழுகை ஒருவழியாக இன்று காலையோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கயல் திங்கட்கிழமை இங்கே சேருகிறாள். நீ சொல்லி வைத்த சீட்டை வெள்ளிக்கிழமையே விட்டுக்கொடுத்துவிடு. அங்கேதான் படிக்க வேண்டும் என்று ஆசையாக வருகிற யாருக்காவது அது கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தபோதெல்லாம் வந்து அவளுக்கு உயிரியல் சொல்லிக்கொடு. பௌர்ணமி வருகிற ஞாயிறாக இருந்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு வா. பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடு. ரொம்ப அழகாகச் சொல்லிவிடாதே, அவள் பயப்படுகிறாள். அடுத்த வருஷமும் கிடைக்கவில்லை என்றால் அவளே உன் கல்லூரிக்கு வருவாள். அப்போது தாராளமாகப் பிடித்துப்போகட்டும். அதற்கும் அவளிடம் பேசிவிட்டேன், சரி என்றாள். அந்த நாள் வந்தால் நான் யாரிடமும் போய், கொஞ்சத்தில் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருஷ வகுப்பில் பாதிப் பேர் மெடிக்கலும் இன்ஜினியரிங்கும் கிடைத்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், மிச்சம் இருப்பவர்கள் டெஸ்க்குக்கு அடியில் பிளஸ் டூ புத்தகத்தை வைத்துப் படிக்கிறார்கள் என்று நீ எரிச்சல்படுவாய். எரிச்சல்படாதே. அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஊரில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள், என்னைப் போலவே தப்பான ஆளிடம் விசாரித்துவிட்டு. அந்தப் பிள்ளைகளில் எவனாவது ஒருத்தன் உன் பாடத்தைக் கேட்டுப் புத்தகத்தை மூடுவான். நீ அவனுக்காக நடத்து. அவன் வீட்டில் போய்ச் சொல்லும்போது அவன் அம்மா நம்ப மாட்டாள், அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். கால் வலி இல்லை. ரூமுக்கு வேண்டாம், நேராகக் கல்லூரி வாசலுக்கே வந்துவிடுகிறேன், நீ கேட் அருகில் நில். வகுப்பு, லேப், உன் மேஜை, நீ முதல் வருஷம் எல்லோரும் சிரித்த பிறகு சிரித்த அந்த ரூம், எல்லாவற்றையும் காட்டு. அந்த ஓட்டையும் துணியில் சுற்றி எடுத்துவருகிறேன். அது எப்படி நகரும், அதற்குப் பல் எங்கே இருக்கும் என்று நீ சொல்ல ஆரம்பித்தாயே, விட்ட இடத்திலிருந்து சொல். கயலின் ஹேர்பின்களை ஒரு டம்ளரில் கொட்டி வைத்துவிட்டேன்.

அம்மா